மனம் கனக்கும்போது நோட்டில் என்ன எழுதுவது, எப்போது நிறுத்துவது

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். மாதக் கடைசி நெருங்கினாலே வயிற்றைப் பிசையும். வீட்டுக்கு வந்து நெடுநேரம் ஆன பிறகும் எண்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது சாதாரணமாக ஏதாவது கேட்டால்கூட வள்ளென்று விழுவேன். "எழுதிப் பாரேன், மனசு லேசாகும்" என்று சொல்லாத ஆளில்லை. ஆனால் என்ன எழுதுவது, எவ்வளவு நேரம் எழுதுவது, எங்கே நிறுத்துவது என்று கேட்டால் பதில் வராது. மனசில் இருப்பதைக் கொட்டு என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

கொட்டுவது பாதி வேலைதான். கொட்டியதற்குள் கையை விட்டுத் துழாவி ஏதாவது ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால் பகலில் பட்ட அவஸ்தையை இரவில் பேனா பிடித்து இன்னொரு தடவை படுகிறோம், அவ்வளவுதான். நான் இங்கே சொல்ல வருவது அந்த மீதிப் பாதியைப் பற்றி.

முதலில் நோட்டு. தேதி அச்சடித்த டைரி வேண்டாம். நாலு நாள் விட்டுப்போனால் வெற்றுப் பக்கங்கள் முறைக்க ஆரம்பித்துவிடும். டென்ஷனுக்கு மருந்தாக வாங்கியதே புது டென்ஷனாகிவிடும். தோல் அட்டை போட்ட அழகான நோட்டும் வேண்டாம். அதைத் திறந்தாலே வாக்கியத்தைச் செதுக்கத் தோன்றும். அடித்துக் கிறுக்கினால் மனம் கூசாத, சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். எழுத்துப்பிழை, சந்தி, கையெழுத்து எதையும் கண்டுகொள்ளாதீர்கள். பேச்சு நடையிலேயே எழுதலாம். திட்டவும் திட்டலாம்.

போனில் எழுதினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமிருந்தே அது வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் காகிதக் கட்சி.

எப்போது எழுதுவது

தினமும் எழுத வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது பல் தேய்ப்பது மாதிரியான வேலை இல்லை. ஒன்றும் நடக்காத நாளில் கடமைக்கு உட்கார்ந்தால், எழுத ஏதாவது வேண்டுமே என்று ஒரு கவலையைத் தேடிப் பிடிப்போம். நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: ஒரே விஷயம் ஒரே நாளில் மூன்றாம் தடவை தலைக்குள் வந்து நின்றால் அன்றைக்கு நோட்டைத் திறப்பது. இல்லையென்றால் அது பாட்டுக்கு அலமாரியில் கிடக்கட்டும்.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வில்கூடத் தினசரிப் பழக்கம் என்ற பேச்சே இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்டது அது. கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து 4 நாட்கள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரணமான தலைப்பு. மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் மிகவும் வேதனை தந்த சம்பவத்தை எழுத வேண்டும். அவர்களிலும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் கலந்து எழுதினார்கள். கலந்து எழுதியவர்கள்தான் அடுத்த 6 மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள்.

பலர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. பலன் பிறகுதான் வந்தது. ஆகவே முதல் நாள் எழுதிவிட்டு அழுகை வந்தால், இது எனக்கு ஒத்துவரவில்லை என்று மூடி வைத்துவிடாதீர்கள். அதே காரணத்துக்காக, கனமான விஷயத்தைப் படுக்கப் போகும் நேரத்திலோ, ஒரு கூட்டத்துக்குள் நுழைவதற்குப் பத்து நிமிடம் முன்போ எழுத வேண்டாம். எழுதி முடித்தபின் பாத்திரம் கழுவவோ, கொஞ்ச தூரம் நடக்கவோ நேரம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். மாலை, வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன் எனக்குச் சரிப்படுகிறது.

பெரிய அடி விழுந்த அன்றே ஆழமாகத் தோண்டவும் வேண்டாம். சாவு, பிரிவு, விபத்து மாதிரி ஒன்று நடந்திருந்தால் முதல் நாட்களில் மனிதர்கள் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். நோட்டு காத்திருக்கும்.

ஒரு பக்கம் எப்படிப் போகும்

15 நிமிடத்துக்கோ 20 நிமிடத்துக்கோ அலாரம் வையுங்கள். இது முக்கியம். முடிவு நேரம் இல்லாமல் உட்கார்ந்தால் கவலைக்கும் முடிவு இருக்காது. பாதி நேரம் வரை கை போகிற போக்கில் எழுதுங்கள். பிறகு பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் வார்த்தை "ஏனென்றால்" என்று இருக்கட்டும். அதற்குப் பின் என்ன வருகிறதோ வரட்டும்.

அந்த வார்த்தையை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பென்னிபேக்கர் பின்னாளில், எழுதியவர்கள் பயன்படுத்திய சொற்களைக் கணினி மூலம் எண்ணிப் பார்த்தார். நாள் போகப்போகக் காரணம் தேடும் சொற்களும், "இப்போதுதான் புரிகிறது" என்பது போன்ற சொற்களும் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே வந்தனவோ, அவர்களுக்கே அதிகப் பலன் தெரிந்தது. முதல் நாளே எல்லாம் புரிந்த மாதிரி எழுதியவர்களைவிட, குழம்பித் தொடங்கி மெல்லத் தெளிந்தவர்களுக்கு அது உதவியது. அதனால் மேல் பாதி அலங்கோலமாக இருந்தால் நல்லதுதான்.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். மாதக் கணக்கில் ஒரு தொகை தவறான தலைப்பில் போய்விட்ட நாள். கோட்டுக்கு மேலே:

"எல்லார் முன்னாலயும் மேனேஜர் கேட்டார், இந்தக் கணக்கை யார் பார்த்ததுன்னு. யார் பார்த்ததுன்னு அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா நான்தானே பார்க்கறேன். பக்கத்து சீட்டுக்காரி ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தா. காது சுட்டுப்போச்சு. எனக்கு இங்க மரியாதையே இல்ல. எதுக்கு இந்த வேலை."

கோடு போட்டதும் நான் செய்கிற ஒரு சின்ன வேலை உண்டு. மேலே எழுதியதில் நடந்தது எது, நானாகச் சொல்லிக்கொண்டது எது என்று பார்த்து, நடந்ததை மட்டும் அடிக்கோடிடுவேன். எல்லார் முன்னாலும் கேட்டது நடந்தது. சக ஊழியர் ஸ்கிரீனைப் பார்த்தது நடந்தது. காது சுட்டதும் நடந்ததுதான். மரியாதையே இல்லை என்பது நடந்தது அல்ல, நான் கொடுத்த தீர்ப்பு. தீர்ப்பை அடித்துவிடத் தேவையில்லை. கோடு போடாமல் விட்டால் போதும். அப்புறம் கீழே:

"ஏனென்றால் தப்பைச் சொன்னது சுடல. தப்பு இருந்தது, சரி. எல்லார் முன்னாலயும் சொன்னதுதான் சுட்டுது. தப்பு ஏன் வந்தது? செலவுத் தலைப்புகளை மாத்தின படிவம் எனக்கு வரவே இல்ல. ஏன் வரல? யாருக்கெல்லாம் அனுப்பணும்ங்கற பட்டியல்ல என் பேர் இல்ல. நாளைக்கு: பேரைச் சேர்க்கச் சொல்லணும். தனியா கூப்பிட்டுச் சொல்லுங்கன்னு அவர்கிட்ட கேக்கறதா வேணாமா, வெள்ளிக்கிழமை யோசிக்கலாம்."

மரியாதை இல்லை என்பதை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பட்டியலில் பேர் இல்லை என்பதற்கு ஒரு மின்னஞ்சல் போதுமாக இருந்தது. கடைசி வரியைக் கவனித்திருப்பீர்கள்: எல்லாவற்றையும் அன்றே தீர்க்கவில்லை, ஒன்றைத் தேதி போட்டுத் தள்ளி வைத்தேன். தள்ளி வைப்பதும் ஒரு முடிவுதான், எழுதிவைத்தால்.

எல்லாப் பக்கமும் இப்படி முடியாது. அப்பாவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டே போன காலத்தில் எழுதிய பக்கங்களில் மறுநாள் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. ஒரே கேள்வியை அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார், நான் கத்திவிடுகிறேன். இதற்கு யாருக்கு மின்னஞ்சல் அனுப்புவது? அங்கே கோட்டுக்குக் கீழே எழுதும் வேலை வேறு. உணர்ச்சிக்குச் சரியான பெயரைத் தேடுவது. மேலே கோபம் என்று எழுதியிருப்பேன். கீழே வரும்போது அது பயம் என்று தெரியும்: அடுத்த வருஷம் என்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம். தெரிந்ததால் பயம் போய்விடாது. ஆனால் கத்துவது குறைந்தது.

பெயரிடுவதற்கு மூளையிலேயே ஒரு விளைவு உண்டு. மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் பரபரப்பு தணிந்தது. ஆகவே டென்ஷன் என்று பொத்தாம் பொதுவாக எழுதி விட்டுவிடாதீர்கள். எரிச்சலா, அவமானமா, பொறாமையா, ஏமாற்றமா, குற்றவுணர்வா, வெறும் களைப்பா? பொறாமை என்று எழுதக் கை கூசும். யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதுங்கள்.

இன்னொரு வழி, பழைய காயங்களுக்கு நன்றாக வேலை செய்வது: "நான்" என்பதை விட்டுவிட்டு உங்களையே பெயர் சொல்லி எழுதுவது. "அவளுக்கு அன்றைக்கு என்ன ஆச்சு? அவள் ஏன் பதில் சொல்லாமல் நின்றாள்?" ஈதன் க்ராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தன்னைப் பெயராலோ படர்க்கையிலோ குறிப்பிட்டு யோசிக்கும்போது பதற்றம் குறைகிறது என்று கண்டார்கள். முதலில் நாடகத்தனமாகத் தோன்றும். மூன்றாவது வரிக்குள், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் காட்டுகிற அளவு பரிவையாவது நம்மிடம் காட்டத் தொடங்கியிருப்போம்.

படுக்கப் போகும் நேரத்துக்கு வேறு எழுத்து

இரவில் படுத்த பிறகு வருவது பெரும்பாலும் துக்கம் இல்லை, பாக்கி வேலை. இதற்கு ஆழமான எழுத்து தேவையே இல்லை. பட்டியல் போதும். பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 57 இளைஞர்கள் தூக்க ஆய்வகத்தில் படுப்பதற்கு முன் 5 நிமிடம் எழுதினார்கள். பாதிப் பேர் அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை, மீதிப் பேர் செய்து முடித்ததை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் போல முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். நானாக இருந்தால் முடித்த வேலையை எழுதினால்தான் நிம்மதி என்று பந்தயம் கட்டியிருப்பேன்.

விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். இதுதான் சூட்சுமம். "வரி வேலை" என்று எழுதினால் தலை அதை விடாது. "காலையில் வந்ததும் விடுபட்ட இரண்டு ரசீதுகளைக் கேட்டுப் போன் செய்ய வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தத் தொகையைத் தனியாகக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் விட்டுவிடும். வேலையோடு அதன் முதல் அடியையும் எழுதுங்கள். இதைத் தனித் தாளில் எழுதுவது நல்லது. மற்ற நோட்டைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள், புரட்டத் தோன்றும்.

எதற்கெல்லாம் நன்றி சொல்லத் தோன்றுகிறது என்று எழுதிவைக்கும் நன்றிப் பட்டியல் பற்றியும் கேட்பார்கள். அதற்கும் ஆய்வு ஆதரவு இருக்கிறது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டதில் ஒரு பகுதி வாரம் ஒரு முறை எழுதுவதுதான். வாரம் ஒரு முறை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். கோபமாக இருக்கிற நாளில் மட்டும் வேண்டாம். அழுகிற குழந்தையின் வாயில் மிட்டாயைத் திணிக்கிற வேலை அது.

எப்போது மூடி வைப்பது

என் சிநேகிதி ஒருத்தி மணமுறிவுக்குப் பிறகு மாதக்கணக்கில் எழுதினாள். நோட்டுகள் சேர்ந்தன, அவள் இளைத்துக்கொண்டே போனாள். ஒரு நாள் என்னிடம் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அதே வாக்கியத்தை முந்தைய சந்திப்பிலும் படித்துக் காட்டியிருந்தாள், ஒரு சொல் மாறாமல். "அவன் ஏன் அப்படிச் செய்தான்" என்பதற்கு அவள் நோட்டில் பதில் இருக்க வாய்ப்பே இல்லை. பதில் இருப்பது அவனிடம். பிரிந்த தம்பதியரை வைத்து டேவிட் ஸ்பாரா குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: அர்த்தம் தேடித் தேடி அசைபோடும் சுபாவம் உள்ளவர்களுக்கு உணர்ச்சியைத் தோண்டி எழுதுவது உதவவில்லை. அன்றாடம் என்ன செய்தோம் என்று சாதாரணமாக எழுதியவர்கள் அவர்களைவிடத் தேறினார்கள். அவளும் கடைசியில் அந்த மாதிரி எழுத்துக்குத்தான் மாறினாள். எழுந்தது, குளித்தது, கடிதம் போட்டது, செடிக்குத் தண்ணீர் விட்டது. சலிப்பூட்டும் எழுத்து. அவளுக்கு அது போதும்.

ஆகவே மூன்று நான்கு முறை எழுதியும் ஒரே வாக்கியம் மாறாமல் வந்தால் அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள். எழுதிய மறுநாளும் அதற்கு மறுநாளும் மனம் இன்னும் கீழே போனாலும் அப்படியே. பென்னிபேக்கரே தருகிற எளிய விதி ஒன்று உண்டு: இதை எழுதினால் நிலைகுலைந்துவிடுவேன் என்று தோன்றினால் எழுதாதீர்கள், வேறு எதையாவது எழுதுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது நோட்டின் வேலையே இல்லை. அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் பேச வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். 146 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2006-இல் வந்தது. எழுதுவதால் பலன் உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறிய பலன் என்பதே அதன் முடிவு. ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ளவர்கள் 3 நாள் எழுதி, 4 மாதம் கழித்துத் தேறியிருந்ததாக 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் யாரும் அதற்காக மருந்தை நிறுத்தவில்லை.

யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உண்மை எழுத வராது. நல்ல பிள்ளையாக எழுதுவோம். ஒளித்து வைப்பதைவிட எளிய வழி, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடுவது. வேலை எழுதும்போதே நடந்துவிட்டது. கோட்டுக்குக் கீழே கடைசியாக வந்த வரியை மட்டும் வேறிடத்தில் குறித்துக்கொண்டு, மற்றதைச் சுக்குநூறாக்குங்கள். கூட்டுக் குடும்பத்திலோ விடுதி அறையிலோ இருப்பவர்களுக்கு இதுதான் நடைமுறைக்கு ஆகும்.

கிழிக்காதவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு பகலில், பென்சிலோடு உட்கார்ந்து புரட்டலாம். உணர்ச்சிகளைப் படிக்க வேண்டாம், கண்ணை ஓட்டினால் போதும். ஒரே பெயர், ஒரே கிழமை, ஒரே வேலை திரும்ப வருகிறதா என்று மட்டும் பாருங்கள். என் நோட்டில் மாதக் கடைசி மட்டுமல்ல, ஞாயிறு மாலைகளும் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஆள் தெரிந்தார்: திங்கள் காலைக்கு வேண்டியதை ஞாயிறு மாலை கேட்பவர். அப்படி ஒருவர் தெரிந்துவிட்டால் அவரைப் பற்றி மேலும் எழுதிக்கொண்டிருக்காமல் அவரிடமே பேசுவது உத்தமம். பேசப் போகும்போது நோட்டைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், மேல் பாதி ஞாபகத்துக்கு வந்து குரல் ஏறிவிடும். கீழே இருந்த அந்த ஒரு வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொண்டது: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சொல்லிவிட்டால் திங்கள் காலை தயாராக இருக்கும்."